அலை கொண்டுபோகாத பாகப் பத்திரம்

சுனாமிக்குப் பிறகு சில வருடங்கள் போர்ட் பிளேர் கோர்ட்டில் அலைதான் பெரிய சாட்சி. எதிர்த்தரப்பு ஒரு ஆவணத்தைக் கேட்டால், "தண்ணீரில் போய்விட்டது" என்று பிரமாணப் பத்திரம் போட்டுவிடலாம். கடலை யார் குறுக்கு விசாரணை செய்வது? டெலானிபூர் மேட்டில் குடியிருந்தவர்கள்கூட அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அலை அவ்வளவு தூரம் மேடேறி வந்து, ஒரே ஒரு பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது.

அந்த வரிசையில் வக்கீலான என்னிடம் வந்தவர், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் சரக்கு ஷெட்டில் வேலை பார்த்த ஒருவர். புரோத்ராபூரில் அப்பா விட்டுப்போன வீடு அவர் பெயரில் இருந்தது. முன்னறையில் தங்கை தையல் மிஷின் போட்டிருந்தாள். புருஷனை இழந்தவள், அந்த அறைதான் அவளுக்குச் சோறு. அறை தங்கைக்கு என்று இருவரும் கையெழுத்துப் போட்ட பாகப் பத்திரம் உண்டு. ஒரே பிரதி, அதுவும் அண்ணனிடம். இப்போது அவர் அறையைக் காலி செய்யச் சொல்ல, அவள் வழக்குப் போட்டு, பத்திரத்தைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி மனுவும் கொடுத்திருந்தாள்.

"ஜெட்டி அலமாரில வெச்சிருந்தேன், சுனாமில போயிடுச்சுன்னு எழுதுங்க மேடம். அவ்ளோதான், கதை முடிஞ்சுது," என்றார் அண்ணன். சொன்ன கையோடு, தான் எவ்வளவு பொறுப்பானவர் என்று காட்ட, பையிலிருந்து அதே பத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பளபளவென்று லேமினேஷன். அலைக்குப் பிறகு ஊரே அந்தப் பைத்தியத்தில் இருந்தது. ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை எதையும் விட்டுவைக்கவில்லை. அலை கொண்டுபோன பத்திரத்துக்கு அலைக்குப் பிறகு யார் லேமினேஷன் போட்டது என்று கேட்டேன். சிரித்தார். எழுத மாட்டேன் என்றேன். எழுதுகிற வக்கீல் அவருக்கு அடுத்த தெருவிலேயே கிடைத்தார்.

கட்சிக்காரர் போனாலும், அவர் நம்பிச் சொன்னதை நான் வெளியே விடக்கூடாது. தொழில் தர்மம். நானோ மீன் விலையைக்கூட மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். வயிறு உப்பிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் பஸ்ஸில் தங்கை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் முதலில் என்னிடம்தான் வந்தார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் துணி, மழை என்று பேசிவிட்டு, "வக்கீலக்கா, அந்தப் பாகப் பத்திரக் காகஜ் நெசமாவே தண்ணில போயிடுச்சா?" என்றாள்.

"அதப் பத்தி நான் பேசக்கூடாதும்மா."

இறங்க வேண்டிய ஸ்டாப் வந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "போயிருந்தா போச்சுன்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க," என்று சொல்லி இறங்கிப் போனாள். பேசக்கூடாது என்று நான் சொன்னதே பதிலாகிவிட்டது.

விசாரணையில் அவளுடைய வக்கீல் பத்திரத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. அண்ணனின் லேமினேஷன் பைத்தியம் தங்கைக்குத் தெரியாதா? வக்கீல் அண்ணனிடம் வாக்காளர் அட்டையைக் காட்டச் சொன்னார். அண்ணன் பெருமையாக நீட்டினார்.

"ரொம்ப சுத்தமா இருக்கே. எப்போ லேமினேஷன் பண்ணீங்க?"

"சுனாமிக்கு அப்புறம். எல்லா காகஜும் ஒரே நாள்ல பண்ணிட்டேன்."

"எதெல்லாம்?"

அண்ணன் விரல் மடக்கினார். "ரேஷன் கார்டு, ஸ்கூல் சர்டிபிகேட், அப்பாவோட டெத் சர்டிபிகேட், பாகப் பத்திரம்..."

நாலாவது விரல் மடங்கியபடியே நின்றது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த வாய்தாவில் பத்திரம் வந்தது, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அறை தங்கைக்கே என்று தீர்ப்பானது.

அன்றைக்குக் கோர்ட் வாசலில் அண்ணன் என்னை மறித்தார். "அவகிட்ட வாயத் தொறந்தீங்களா மேடம்?"

"இல்லண்ணே," என்றேன். சத்தியமான பதில்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தங்கைக்கு அறை கிடைத்ததில் எனக்கு அன்றைக்கும் சந்தோஷம், இன்றைக்கும் சந்தோஷம். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் ரகசியத்தை அத்தனை நாள் சுமந்தேனே, என் பங்குக்கு ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா.