பன்னிரண்டாவது கம்ப்யூட்டர்

யாராவது பாஸ்வேர்டு அடிக்கும்போது அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் தவறியதில்லை. சும்மா திரும்பி நிற்கக் கூச்சமோ என்னவோ, சுவரைப் பார்த்தபடியே பிள்ளைக்கு ஜுரம் விட்டதா, வீட்டில் குழாய் சரியாயிற்றா என்று எதையாவது கேட்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். அதை வைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் எங்களுடையது. இரண்டாவது மாடி. நீளமான கூடத்தில் வரிசையாகப் பதினொரு கம்ப்யூட்டர், கோடியில் முதலாளியம்மாவின் கண்ணாடி அறை. நான் காலை எட்டு மணிக்கு வந்து கதவைத் திறந்து, பெருக்கித் துடைத்து, டீ போடுகிறவள். அண்ணன் என்று நான் சொல்வது கூடப் பிறந்தவரை அல்ல, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரை. மற்றவர்கள் அவரை வயர் என்பார்கள். ஆளும் அப்படித்தான், ஒல்லியாக, எந்த மேஜைக்கு அடியிலும் நுழைந்துவிடுவார்.

முன்பு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தாராம். கெட்டுப்போன கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரித்துப் பிரித்துத் தானாகவே இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். கையில் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. இந்த இடத்தை விட்டால் வேறெங்கும் எடுக்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மத்தியானம் தவறாமல் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பது இவர்தான், அண்ணி இல்லை.

பதினொரு கம்ப்யூட்டரும் சர்வர் என்கிற ஒரு பெரிய மிஷினுக்குக் கட்டுப்பட்டவை. வரைபடமெல்லாம் அதில்தான் இருக்கும். அதை ஆள்கிற பெயர் அட்மின். அந்த ஒரு பெயரில்தான் எல்லோரும் உள்ளே போவார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்துத் தருகிறேன் என்று அண்ணன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். எங்களில் மூத்தவர் ஸ்கேல் அக்கா. வரைவதெல்லாம் கம்ப்யூட்டரில் என்றாலும் இரும்பு ஸ்கேலைக் கையைவிட்டுக் கீழே வைக்கமாட்டார். ஒரு வீட்டுக்குப் பதினொரு சாவியா என்று அவர் கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

போன வருஷம் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பாஸ்வேர்டு தெரியுமே, மாற்றிவிடுங்கள் என்றார் முதலாளியம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் எல்லாவற்றையும் அணைத்தபின், அண்ணன் சர்வரில் மட்டும் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களின் காதில் ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை ஒன்றும் திறக்கவில்லை. பூட்டியிருக்கிறது என்றே பதினொரு திரையும் சொன்னது. ஐந்து முறை தப்பாக அடித்தால் அட்மின் பெயர் அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும், அதுவரை சரியானதை அடித்தாலும் திறக்காது. திருடனுக்குப் பயந்து அண்ணனே செய்துவைத்திருந்த ஏற்பாடு அது. பழக்கதோஷத்தில் யாரோ பழையதை அடித்திருப்பார்கள் என்று நினைத்து, யாரும் கை வைக்காதீர்கள் என்றார். அரை மணி போனது. மறுபடியும் பூட்டு. நீ அடித்தாய், நான் அடிக்கவில்லை என்று கூடத்தில் சலசலப்பு.

"திருடனுக்கு வச்ச பூட்டுல வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டாரு" என்றார் ஸ்கேல் அக்கா. இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

முதலாளியம்மா வெளியே ஒரு கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசினார். சர்வரை மொத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம், இருக்கிற வரைபடத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார்களாம். அறைக்கு வெளியே வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"பன்னெண்டு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல அவங்கள வரச் சொல்லிடுவேன். இனிமே எல்லாத்தையும் அவங்களே பாத்துப்பாங்க."

கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அண்ணன் தரையில் தவழ்ந்து பதினொரு கம்ப்யூட்டரின் வயரையும் பிடுங்கிப் போட்டார். இனி அடிக்க ஆளே இல்லை. மறுபடியும் அரை மணி. அப்போதும் பூட்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மணி பதினொன்றாகப் போகிறது.

எது கெட்டாலும், காலையில் அதை முதலில் தொட்டது யார் என்று விசாரிப்பது அவர் வேலை செய்கிற முறை. அன்று பதற்றத்தில் அது கடைசியாகத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. நான் கப் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, காலைல வந்ததும் என்னென்ன சுவிட்ச் போடுற? ஒண்ணு விடாம சொல்லு."

யாராவது முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குப் பேச்சு வராது. அது அவருக்குத் தெரியும். கப் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விரலை மடக்கிச் சொன்னேன். லைட்டு, ஃபேன், தண்ணி மிஷின், கூடத்தில் பதினொன்று, அப்புறம் ஸ்டோர் ரூமில் இருப்பது.

"ஸ்டோர் ரூம்ல என்ன இருக்கு?"

"கம்ப்யூட்டர். துணி போட்டு மூடியிருக்குமே. நீங்கதானே தினமும் போடச் சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"ஒம்பது வருஷம் இருக்கும். வேணாம்னு நீங்க அப்புறம் சொல்லவே இல்லையே."

தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே சிரித்தார். வரைபடங்களுக்கு ஒரு நகல் இருக்கட்டும் என்று என்றோ அவர் வைத்த கம்ப்யூட்டராம் அது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாகவே சர்வரிடம் போய், அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்லி, புதிதாக வந்ததை எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு மாறியதை அதன் காதில் யாரும் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாகச் சொன்னதையே காலையிலிருந்து விடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் வயரும் கூடத்துக்கு வராமல் சுவர் வழியாக நேரே சர்வருக்குப் போகிறது.

நான் போட்டதாலா என்று கேட்டேன்.

"நீ சொன்னதத்தான் செஞ்ச. மறந்தது நான்" என்றார்.

அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். இன்னும் அரை மணி காத்திருக்க வேண்டும். பதினொரு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருந்தார்கள். பதினொன்றே முக்காலுக்கு அண்ணன் சர்வர் முன்னால் நின்றபடியே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திறந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். வயர்களை மாட்ட நாலைந்து பேர் தாங்களாகவே மேஜைக்கு அடியில் குனிந்தார்கள்.

அவர் என்ன காரணம் சொல்லியிருந்தாலும் முதலாளியம்மா நம்பியிருப்பார். எங்களில் யாருக்கு என்ன தெரியும்? அண்ணன் நேரே கண்ணாடி அறைக்குப் போனார். நான் டீ கொண்டுபோனபோது காதில் விழுந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா. நான் வச்ச மிஷின நானே மறந்துட்டேன்."

அந்த மிஷினில் ஒன்பது வருஷத்து வரைபடமும் இருக்கிறதா என்று முதலாளியம்மா கேட்டார். இருக்கிறது என்றார் அண்ணன். முதலாளியம்மா போனை எடுத்துக் கம்பெனிக்காரர்களை வர வேண்டாம் என்றார்.

"ஆளுக்கொரு பேரு வைக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல? இன்னிக்கே வச்சிடுங்க. யார் என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க."

இப்போது பதினொரு பேருக்கும் பதினொரு பெயர். ஸ்கேல் அக்கா வாரம் இரண்டு முறை தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அண்ணனைத் திட்டுகிறார், அவரும் திறந்துவிடுகிறார். ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டருக்கும் தனிப்பெயர் உண்டு. அதை நான் தினமும் போடுகிறேன். அண்ணன் இங்கேதான் வேலையில் இருக்கிறார்.