கோலுக்கு நடுவில் படுத்த கிடா

மாலை நாலு நாற்பதுக்கு அந்தக் கிடா மைதானத்துக்குள் வந்தது. அதுவரை என் பயமெல்லாம் மனிதர்களைப் பற்றியதாகவே இருந்தது.

என் மகள் கால்பந்து நடுவர். வங்கித் தேர்வுக்குப் படி என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இதுதான் தொழில் என்று முடிவு செய்துகொண்டவள். அன்று காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில், உள்ளூர் அணிக்கும் தேவாரம் அணிக்கும் இறுதி ஆட்டம். அவள் ஆட்டத்தை எப்படி நடத்துகிறாள் என்று பார்த்து எழுத, ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து பந்தலடியில் உட்கார்ந்திருந்தார். அவர் நல்லபடியாக எழுதினால் பெரிய லீக் ஆட்டங்களுக்குக் கூப்பிடுவார்கள். ஆட்டம் பாதியில் நின்றால் எதுவும் எழுத மாட்டார். அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"நீ வந்தா எனக்குக் கை நடுங்கும்மா, வராத" என்று சொல்லியிருந்தாள். அதனால் மாஸ்க் போட்டுக்கொண்டு பெண்கள் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதி முடியும் நேரம். தேவாரம் பையன் அடித்த பந்து காலியாகக் கிடந்த கோலை நோக்கி உருண்டது. கோல்கீப்பர் எங்கோ விழுந்து கிடந்தான். திராட்சைத் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு கருப்புக் கிடா நிதானமாக நடந்துவந்து கோட்டின் மேல் நின்றது. பந்து அதன் விலாவில் மோதி நின்றுவிட்டது. கிடா பந்தை முகர்ந்து பார்த்தது. பிறகு இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் படுத்து அசைபோட ஆரம்பித்தது.

மகள் விசில் ஊதினாள். "கோல் கெடையாது. கெடாவ வெளிய பத்துங்க. கீப்பர்கிட்டப் பந்தப் போட்டு ஆட்டத்தத் தொடங்கிரலாம்."

ஒருவரும் அசையவில்லை.

"அது சாமிக்கு நேந்துவிட்ட கெடா" என்றார் கமிட்டித் தலைவர். நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டுவதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. கடையில் பழத்தைத் தின்றால்கூடக் கடைக்காரர் கும்பிட்டுக்கொள்வார். "ஓரமாத்தானத்தா படுத்திருக்கு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், நீ ஆட்டத்த நடத்து."

"கோலுக்கு நடுவுல படுத்திருக்குய்யா."

"அப்ப எங்களுக்கும் ஒரு கெடா குடுங்க. அங்குட்டுக் கோல்ல படுக்கப் போட்டுக்கிருவோம்" என்றார் தேவாரம் கோச். அவர் கேலியாகத்தான் சொன்னார். உள்ளூர்க்காரர்கள் கூடிப் பேசிவிட்டு வந்து, "செம்மறியா இருந்தா ஒத்துக்கிருவீகளா?" என்று கேட்டார்கள்.

"நான் சொல்லாம யாரும் கோட்டுக்குள்ள வரக்கூடாது" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் ஊரே கோட்டுக்குள் நின்றது.

பூசாரிக்குப் போன் போட்டார்கள். அவர் கம்பம் டவுனில் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குப் பேச வராது என்று பல் டாக்டரே போனை வாங்கிச் சொன்னார். ஆகவே சாமியிடமே உத்தரவு கேட்பது என்று முடிவானது. மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போது கிடா உடம்பை உதறித் துலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டதாக அர்த்தம். தெளித்தார்கள். கிடா கண்ணை மூடிக்கொண்டது. செம்பு போய்க் குடம் வந்தது. சொட்டச் சொட்ட நனைந்தும் அது துலுக்கவில்லை. சிறப்பு விருந்தினருக்கு வாங்கி வைத்திருந்த மாலையை அதன் கழுத்தில் போட்டார்கள். அதை மட்டும் சந்தோஷமாகத் தின்றது.

பக்கத்தில் இருந்த அம்மாள் என்னிடம் திரும்பினார். "சாமி கெடாயவே வெளிய பத்தச் சொல்றா பாருங்க. என்னத்தச் சொல்லி வளத்தாகளோ."

"வளர்ப்பு சரியில்லக்கா" என்றேன்.

"ஒங்களுக்கு அவுகளத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

இன்றைக்கும் எங்காவது ஆடு கத்தினால் என் கண் கடிகாரத்துக்குப் போகிறது. அன்று வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தில் விளக்குக் கிடையாது. பந்தலடியில் இருந்த சென்னைப் பெரியவர் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "பத்து நிமிஷம் பாப்பேன். அதுக்கு மேல வெளிச்சம் பத்தாது. கெளம்பிருவேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

நானே ஓடிப்போய்க் கிடாவின் கொம்பைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று நினைத்தேன். வருகிற சாமி குத்தம் என்னோடு போகட்டும். ஆனால் நான் வந்திருப்பது மகளுக்குத் தெரிந்துவிடும். அங்கே அவள் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிடாவுக்கு எதிரே நின்றிருந்தாள். கிடாவை அப்படியே விட்டுவிட்டு ஆட்டத்தை நடத்து என்று ஊர்க்காரர்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று கெஞ்சினார்கள். "வெளிய போனாத்தான் ஆட்டம்" என்றாள். அவள் கை நடுங்கவில்லை.

அப்போது தோட்டத்துப் பாதையில், கையில் கயிற்றோடு ஒரு பெண் வேகமாக வந்தாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. ஊர்க்கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்து, என் மகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஏத்தா விசிலு, மத்தியானத்துலருந்து தேடுறேன், சந்தைக்குன்னு கட்டி வச்ச ஏங் கெடா அங்கன படுத்துக் கெடக்கு. உள்ள வந்து பத்திக்கிட்டுப் போகவா?"