அஞ்சாவது பத்து

எங்க வூட்டுக்காரரு பாலக்கோடு தக்காளி மண்டியில ஏலம் கூறுறவரு. விடியக்காலையில அவரு தொண்டையத் தொறந்தாருன்னா, பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறவங்களுக்குக்கூட அன்னிக்குத் தக்காளி என்ன வெலன்னு தெரிஞ்சிரும். அந்தத் தொண்டதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. வூட்டுக்கு வந்தாலும் அது அடங்காது. சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உக்காந்தா அதே வேகம், அதே ராகம். மூச்சு விடாம ஓட்டுவாரு.

"ஏங்க, மாதாவ ஏலம் விடாதீங்க. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க"ன்னு நடுவுலயே சொல்லிருவேன்.

"மெதுவாச் சொன்னா நீ தூங்கிருவ புள்ள"ம்பாரு.

அது பொய்யில்ல. இருட்டுலயே எந்திரிச்சு ரெண்டு மாட்டயும் கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வர்றவளுக்கு, சாயங்காலம் சம்மணம் போட்டு உக்காந்தாலே கண்ணு சொக்கும். அவரு சத்தத்துலதான் நான் முழிச்சிருந்தேன்.

ஜெபமாலை தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன். மணிய உருட்டிக்கிட்டே சொல்ற ஜெபம் அது. பத்துப் பத்து மணியா அஞ்சு தடவ சொல்லணும். ஒருத்தர் மொதப் பாதியச் சொன்னா, மத்தவங்க பின்பாதியச் சொல்லணும். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால, இத எதுக்காக ஒப்புக்கொடுக்கறோம்னு ஒரு கருத்துச் சொல்லணும். எங்க வூட்டுல அது அவரு வேல. அதுக்கு அவரு ஒரு சட்டமும் வெச்சிருந்தாரு. மொத நாலு பத்துல என்ன வேணா கேட்டுக்கலாம். மழ கேளு, பையனுக்கு ஓசூர்ல வேல நெலைக்கணும்னு கேளு, உன் முட்டி வலி போவணும்னு கேளு. அஞ்சாவது பத்துல மட்டும் எதயும் கேக்கப்படாது. நன்றி மட்டுந்தான்.

"நாலு வாட்டி கை நீட்டியாச்சில்ல? அஞ்சாவது வாட்டியாவது கையக் கூப்புங்க"ம்பாரு.

நன்றின்னா பெருசா ஒண்ணும் இருக்காது. "பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சதுக்கு." "பெட்டி எறக்கி முடிக்கற வரைக்கும் மழ பொறுத்துக்கிட்டதுக்கு." ஒரு நாளு ரொம்ப பக்தியாக் கண்ண மூடிக்கிட்டு, "இன்னிக்கு இவ என்னைய ஒரே ஒரு தடவ மட்டும் திட்டினதுக்கு"ன்னு சொன்னாரு. மருமக சிரிச்ச சிரிப்புல ஜெபமே நின்னு போச்சு. "இருங்க, ரெண்டாவது தடவ இப்ப திட்டறேன்"னேன்.

அந்த மனுசன் போன வருசம் மண்டியிலயே, ஏலத்துக்கு நடுவால சாஞ்சிட்டாரு. வெலயச் சொல்லிக்கிட்டே இருந்தவரு பாதியில நின்னுட்டாருன்னு, கூட இருந்தவங்க சொன்னாங்க. தருமபுரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்து போச்சு. கால் மெல்ல மெல்லத் தேறி, குச்சி ஊனி நடக்கறாரு. கை அரகொறயா அசையுது. பேச்சு மட்டும் வரல.

எல்லாம் புரியுது அவருக்கு. யாரு வந்தாங்க, என்ன பேசினாங்க, எல்லாம் தெரியுது. தண்ணி வேணும்னா தண்ணின்னு சொல்லத்தான் வரல. வாயத் தொறப்பாரு, "அ... அ..."ன்னு நின்னுரும். அப்பறம் கோவம் வந்து மூஞ்சத் திருப்பிக்குவாரு. ஊருக்கே வெல சொன்ன மனுசன். அதப் பாக்கறதுக்கு என்னால தாங்கவே முடியாது, எந்திரிச்சு மாட்டுக்கிட்டப் போயிருவேன்.

பக்கத்து வூட்டக்கா தீர்த்தமலை சிவன் கோயிலுக்குப் போனப்ப, அவருக்காக வேண்டிக்கிட்டு ஒரு பாட்டில் தீர்த்தம் கொண்டாந்து குடுத்துச்சு. நல்ல மனசோட குடுத்தது, வேண்டாம்னு சொல்ல வாய் வருமா? வாங்கி மேச மேல வெச்சிட்டு, என்ன பண்றதுன்னு யோசிச்சிக்கிட்டே சாணி அள்ளப் போனேன். திரும்பி வந்து பாத்தா பாட்டில் காலி. தாகம் எடுத்திருக்குது, கேக்கத் தெரியல, கைக்கெட்டினத எடுத்துக் குடிச்சிட்டாரு. மறுநாள் அந்தக்கா, "குடிச்சாருங்களா?"ன்னு கேட்டுச்சு. "ஒரு சொட்டு மிச்சமில்லைங்க்கா"ன்னேன். அதுக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு நடந்ததத்தான் நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். அன்னிக்கு சாயங்காலம் நான்தான் மொதப் பாதி சொன்னேன். பின்பாதி மருமக சொல்றா. அவ கொரலோட இன்னொரு கொரல் வருது. நான் அவளப் பாக்கறேன், அவ என்னப் பாக்கறா. இவருதான்! ஒரு வார்த்த கொழறல, ஒரு எழுத்து விடல, பின்பாதி முழுசும் கணீர்னு சொல்றாரு. ஜெபத்த அப்படியே நிறுத்திட்டு, "ஏங்க, என்னக் கூப்புடுங்க, ஏ புள்ளன்னு கூப்புடுங்க"ன்னு கையப் புடிச்சேன். என் மூஞ்சியப் பாத்து வாயத் தொறந்தாரு. "அ... அ..." அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு விளக்கமாச் சொல்லுச்சு. "சின்ன வயசுல இருந்து சொல்லிச் சொல்லி மனப்பாடமானது மூளையில வேற எடத்துல இருக்குங்கம்மா. சொந்தமா யோசிச்சுப் பேசறது வேற எடம். அந்த எடந்தான் அடிபட்டிருக்குது. பயிற்சி பண்ணலாம், வரலாம், வராமயும் போவலாம். ஒண்ணு மட்டும் செய்ங்க. அவரு வாயத் தொறந்தா நீங்க முந்திக்கிட்டுப் பேசிராதீங்க. கொஞ்சம் காத்திருங்க."

காத்திருக்கறதா? நானா? என் பொறந்த வூட்டுல வேணா விசாரிச்சுப் பாருங்க. அவரு "அ..."ன்னா போதும், "தண்ணியா? ஃபேனா? வெளிய போவணுமா?"ன்னு நான் நாலு கேள்வி கேட்டு முடிச்சிருவேன். அவரு தலயாட்டறதோட சரி.

ஊருல எல்லாரும் அதிசயம்னாங்க. பங்குச் சாமியாரு வூட்டுக்கு வந்து அவரு தல மேல கை வெச்சு ஜெபிச்சிட்டு, "ஜெபம் நிக்கலியேம்மா, அதுக்கு நன்றி சொல்லுங்க"ன்னாரு. "சரிங்க சாமி"ன்னு பவ்யமாத் தலயாட்டினேன். உள்ளுக்குள்ள எரியுது. மாதாகிட்டப் பேச வருது, எங்கிட்டப் பேச வரல, இதுக்கு நான் நன்றி வேற சொல்லணுமாக்கும்! எனக்கு மாதா மேல பொறாமையே வந்திருச்சு. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். தெனம் என் கண்ணு முன்னால அவங்ககூட மட்டும் அவ்வளவு அழகாப் பேசறாரு. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்த. திட்டினாக்கூடப் போதும்.

கருத்துச் சொல்ற வேலயும் எங்கிட்ட வந்திருச்சு. அஞ்சு பத்துக்கும் ஒரே கருத்துதான்: "இவருக்குப் பேச்சு வரணும்." அஞ்சாவது பத்துக்கு அதச் சொன்னா மட்டும் குச்சியத் தரயில டொக்குன்னு தட்டுவாரு. எதுக்குத் தட்டறாருன்னு தெரியாதா எனக்கு? "மொதல்ல பேச்சு வரட்டும், நன்றிய அப்பறம் மொத்தமாச் சொல்லிக்கலாம்"னு ஜெபத்த ஆரம்பிச்சிருவேன்.

இப்படி இருக்கறப்ப, கன்னு போட்ட மாடு ஒண்ணு என்ன ஒதச்சிருச்சு. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கிருச்சு. பையன் ஓசூர்ல ஷிப்டுல இருந்தான். மருமகதான் ஸ்கூட்டியில உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா. எலும்பு ஒடையலன்னு சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினாங்க.

திரும்பி வந்தப்ப அவரு வாசல்ல நாற்காலியில உக்காந்திருந்தாரு. என் கட்டப் பாத்தாரு. வாயத் தொறந்தாரு. "அ..."

"ஒண்ணுமில்ல, மாடு ஒதச்சிருச்சு"ன்னு நானே சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

அன்னிக்குப் பூரா எனக்கு அழுகையும் கோவமும் மாறி மாறி வந்துச்சு. அவருக்குச் சட்ட பட்டன் போட்டு விட முடியல. சோறு பெசய முடியல. மருமக பெசஞ்சு வெச்சா, அவரு இடது கையில ஸ்பூன வெச்சுக்கிட்டு, சாப்புடாம என் கட்டயே பாத்துக்கிட்டிருந்தாரு. பாத்தா போதுமா? இத்தன வருசம் கூட வாழ்ந்தவ கை வீங்கிக் கெடக்குது, என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேக்க நாதியில்லாமப் போச்சேன்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு. அவரு மேல தப்பில்லன்னு தெரியும். தெரிஞ்சா கோவம் வராதா?

சாயங்காலம் ஜெபமாலைக்கு உக்காந்தோம். இடது கையில மணி உருட்டறது எனக்கு வசப்படல, நழுவிக்கிட்டே இருந்துச்சு. அவரு மட்டும் பின்பாதிய வழக்கம் போல கணீர்னு சொல்றாரு. ஒவ்வொண்ணும் என் நெஞ்சுல குத்துது. எப்படியோ நாலு பத்து ஓட்டிட்டேன். அஞ்சாவது பத்து வந்தப்ப வெடிச்சிட்டேன்.

"இன்னிக்குக் கருத்து ஒண்ணும் கெடையாது. கேக்கறதுக்கும் தெம்பில்ல, நன்றி சொல்றதுக்கும் எங்கிட்ட ஒண்ணுமில்ல."

சொல்லிட்டு வாய மூடிக்கிட்டேன். மருமக என்னமோ சொல்ல வந்தா, ஒரு மொற மொறச்சேன், அவளும் அடங்கிட்டா. ஃபேன் சுத்தற சத்தம் மட்டுந்தான். நான் இருக்கற எடத்துல அவ்வளவு நேரம் பேச்சில்லாம இருந்தது அதுதான் மொதத் தடவயா இருக்கும்.

அவரு வாயத் தொறந்தாரு. "அ..."

மத்த நாளா இருந்தா, தண்ணியான்னு கேட்டிருப்பேன். அன்னிக்குக் கோவம். தலயத் தூக்கவேயில்ல.

"அ... இ..."

நெத்தியில வேர்த்து ஊத்துது. ஏலம் கூறும்போது கழுத்துல பொடைக்குமே அந்த நரம்பு, அது பொடைச்சு நிக்குது. அப்பத்தான் நிமிந்து பாத்தேன்.

"இவ..."ன்னாரு. மூச்ச இழுத்துக்கிட்டாரு. "இவ... கை."

மருமக அழுதுக்கிட்டே துள்ளினா. "அத்தே! மாமா பேசறாருங்க! உங்க கை நல்லாவணும்னு கேக்கறாருங்க!"

அவரு இல்லன்னு தலயாட்டினாரு. அவ மறுபடியும் அதயே சொன்னா. மறுபடியும் இல்லன்னாரு. அந்த மனுசனுக்குக் கோவமே வந்திருச்சு. குச்சியக் கீழ போட்டுட்டு, ஜெபமாலை தொங்கற இடது கையத் தூக்கி, அஞ்சு வெரலயும் விரிச்சு அவகிட்டக் காட்டினாரு. அப்பறம் எங்கிட்டத் திருப்பிக் காட்டினாரு.

அஞ்சாவது பத்து. கேக்கப்படாது. நன்றி மட்டுந்தான்.

அவரு ஒண்ணும் கேக்கல. என் கைக்கு நன்றி சொல்றாரு. அவரக் குளிப்பாட்டின கைக்கு, பட்டன் போட்ட கைக்கு, சோறு பெசஞ்ச கைக்கு. இன்னிக்கு எதுவுமே செய்ய முடியாமக் கட்டுப் போட்டு மடியில கெடக்கற இந்தக் கைக்கு.

நான் ஆரம்பிக்கலன்னதும், மொதப் பாதிய அவரே எடுத்தாரு. ஏலம் இல்ல. ஒவ்வொரு வார்த்தயா, மெதுவா, நான் எப்பவும் கேட்ட மாதிரியே சொன்னாரு. பின்பாதி நான் சொல்லணும். ஒதட்டப் பிரிக்கறேன், தொண்டைய விட்டுச் சத்தம் வரல.

பத்து மணியும் உருட்டி முடியற வரைக்கும் எனக்குப் பதிலா மருமகதான் சொன்னா.