சுரபாயாவில் தம்பி தேடிய வீடு

தைப்பொங்கல் முடிந்த மறுவாரம் இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்துக்குப் போனேன். உல்லாசப் பயணம் இல்லை. “வேண்டாம்” என்று தம்பிக்கு நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

தம்பி குகன் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். திருத்த வேலைக்காகக் கப்பல் சுரபாயாத் துறைமுகத்தில் நின்ற நாட்களில் ரத்னாவைச் சந்தித்து, அவளையே கலியாணம் செய்து, ஆறு வருடமாக அங்கேயே துறைமுகத்தில் வேலை பார்த்து, வாடகை வீட்டில் இருக்கிறான். இப்போது சொந்த வீடு வாங்க வேண்டுமாம். அதற்குக் காங்கேசன்துறையில் அம்மா எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்த நாலு பரப்புக் காணியை விற்க வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. தொண்ணூறாம் ஆண்டுப் போரில், எனக்குப் பன்னிரண்டு வயதும் அவனுக்கு ஆறு வயதுமாக இருந்தபோது விட்டுவிட்டு ஓடிய காணி அது. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேலான பிறகுதான் எங்கள் கைக்குத் திரும்பி வந்தது. அதை விற்று முன்பின் தெரியாத ஊரில் போடுவதா? தொலைபேசியில் மறுத்தால் சண்டை வரும் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். “ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ அக்கா” என்று அவனே கேட்டான்.

காங்கேசன்துறையில் காலை ரயில் ஏறிக் கொழும்பு, அங்கிருந்து இரவு விமானத்தில் கோலாலம்பூர், பிறகு இன்னொரு விமானத்தில் சுரபாயா. போக வர ரிக்கெற் நம் காசில் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய். விசாவை இங்கிருந்தே இணையத்தில் எடுத்துவிட்டேன். விமான நிலையத்திலிருந்து தம்பி இருக்கும் குபெங் பகுதிக்கு இருபது கிலோமீற்றர் அளவில் வரும். ராக்சிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபியா கேட்டபோது நெஞ்சு ஒருமுறை நின்றது. கணக்குப் பார்த்தால் நம் மூவாயிரம்தான்.

குபெங்கில் பெரிய தெரு முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள், வங்கிகள், கடைத்தொகுதிகள். அவற்றுக்குப் பின்னால் திரும்பினால், இரண்டு பேர் கை கோத்து நடக்கக்கூடிய அகலத்தில் ஒழுங்கைகள். தம்பி இருக்கும் ஒழுங்கையின் வாசலில் ஒரு பலகை. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் எஞ்சினை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று எழுதியிருப்பதாகத் தம்பி சொன்னான். யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நேரமே சாப்பாட்டுப் பொதி கொண்டுவந்த ஒருவர் இறங்கித் தள்ளினார். அவருக்குப் பின்னால் அலுவலக உடுப்பில் ஒரு பெண்ணும் இறங்கித் தள்ளினாள். பார்த்துக்கொண்டிருக்க ஒரு காவலாளியும் இல்லை. இரண்டு பக்கமும் பூச்சாடிகள், நடுவில் கோலம் போட்டது போல வர்ணம் பூசிய நிலம். ஒரு கோடி சனத்துக்குக் கிட்ட வாழும் பெருநகர வட்டாரத்தின் நடுவில் அந்த ஒழுங்கையில் பேச்சுக்குரல்தான் கேட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குச் சோறும், கடலைச் சாறு ஊற்றிய அவித்த மரக்கறியும். தொட்டுக்கொள்ள வைத்ததை, நம் ஊரில் சொல்வது போலவே, சம்பல் என்றாள் ரத்னா. கப்பலைக் ‘கப்பால்’ என்கிறார்கள். அரைவாசி மொழி தெரிந்துவிட்ட தைரியம் வந்தது.

மறுநாள் தம்பி என்னைப் புதுத் தொடர்மாடிக்குக் கூட்டிப்போனான். முப்பத்தோராம் மாடி. லிஃப்ற் கதவு திறந்து, விற்பனைப் பெண் திரையை விலக்கியதும் நான் யன்னலோடு ஒட்டி நின்றேன். கீழே செந்நிற ஓட்டுக் கூரைகள் எல்லை இல்லாமல் கிடந்தன. அவற்றுக்கு அப்பால் கடல், கடலில் வரிசையாகக் கப்பல்கள், அடுத்த தீவுக்குப் போகும் நீளமான பாலம். மனிதர்கள் இவ்வளவையும் கட்டி, இவ்வளவு நெருக்கமாக ஒருவரோடு ஒருவர் வாழ்ந்தும் விடுகிறார்களே என்று கண் கலங்கியது. வீடு முப்பத்தாறு சதுர மீற்றர். விலை எழுபது கோடி ரூபியா, நம் காசில் ஒரு கோடியே முப்பது லட்சம். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ரத்னா யன்னல் பக்கம் வரவே இல்லை.

நாலாம் நாள் பின்னேரம், தம்பியும் ரத்னாவும் வேலைக்குப் போயிருந்தபோது மழை தொடங்கியது. நம் மாரி மழை போல இல்லை. வானத்தைக் கவிழ்த்து ஊற்றியது போல. அரை மணித்தியாலத்தில் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. பாசை தெரியாத ஊரில் தனியாக நின்றேன். கை தானாகவே கடவுச்சீட்டையும் பையையும் எடுத்தது. தொண்ணூறில் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளில் அம்மா பையை எடுத்தது போலவே எடுத்தேன் என்று பிறகுதான் உறைத்தது.

கதவைத் தட்டாமலே எதிர்வீட்டு ஸ்ரீ அம்மா வந்தார். அவருக்கு அறுபது வயதிருக்கும். பின்னால் இன்னும் மூன்று பெண்கள். ஒருவர் என் பெட்டியைத் தலையில் வைத்தார். மற்றவர்கள் மெத்தையைச் சுருட்டிப் படிக்கட்டில் ஏற்றினார்கள். ஸ்ரீ அம்மா என் கையைப் பிடித்து, முழங்கால் தண்ணீரில் ஒழுங்கையைக் கடத்தித் தன் மாடிக்குக் கொண்டுபோனார். உடுத்த உலர்ந்த சாரம் தந்தார், இஞ்சித் தேநீர் தந்தார். மாடியிலிருந்து பார்த்தேன். ஒழுங்கை முழுவதும் வெளியே நின்றது. ஆண்கள் வடிகாலில் அடைத்த குப்பையை இழுத்தார்கள். முனையில் இருந்த தண்ணீர் இறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டதாம். தம்பி வேலையிலிருந்து வந்து நேரே அதற்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். “பா குகன், பா குகன்” என்று நாலு பக்கமும் அவன் பேர் கேட்டது. ‘பா’ என்றால் ஐயா மாதிரி மரியாதைச் சொல். ஊரில் ஒன்பது வாடகை வீடு மாறிய எங்களை எந்த ஒழுங்கையும் அப்படிப் பேர் சொல்லி அழைத்ததில்லை.

பொழுதுபடுவதற்குள் தண்ணீர் வடிந்தது. பெண்கள் எங்கள் வீட்டையும் சேர்த்துக் கழுவினார்கள். வீட்டைவிட்டு வெளிக்கிட்ட நான், அன்றே அதே வீட்டுக்குத் திரும்பிப் போனேன்.

“பயந்திட்டீங்களோ அக்கா?” என்று தம்பி கேட்டான்.

“ஓம். ஆனா கனநேரம் இல்லை” என்றேன். பிறகு, “ரத்னாவுக்கு அந்த மாடி வீடு பிடிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

அவளுக்கு இந்த வாடகை வீட்டையே வாங்கத்தான் விருப்பம், உரிமையாளரும் மாடி வீட்டைவிட மிகக் குறைந்த விலைக்குத் தரத் தயார் என்றான். “உங்களுக்குக் காட்டத்தான் அந்த மாடி வீட்டைத் தெரிவு செய்தனான். இந்த ஒழுங்கையைக் காட்டினா நீங்கள் மாட்டன் எண்டுவியள் எண்டு நினைச்சன்.”

“இதையே வாங்கு” என்றேன். நான் சொல்ல வந்த சொல் அது இல்லை.

அங்கே வீடு வாங்க நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். விற்பனை அலுவலகத்தில் குந்தியிருப்பதைவிட, வாங்கப்போகும் தெருவில் ஒரு கிழமை வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை வருமானம் மட்டும் வேண்டுமென்றால் தொடர்மாடி வசதி. நானும் அதைத்தான் சொல்வேன். சட்டத்தை, காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் முதலே கேளுங்கள். வெளிநாட்டவர் அங்கே காணியை முழு உரிமையாக வாங்க முடியாது. அந்நாட்டவரை மணந்திருந்தால், சொத்தைப் பிரித்து உடன்படிக்கை எழுதி, அவர் பேரில்தான் வாங்கலாம்.

கடைசி நாள் நொத்தாரிசு இதை விளக்கியபோது எனக்கு மறுபடியும் பழைய சந்தேகம் வந்தது. எங்கள் காணிக் காசு, ஆனால் அந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தில் தம்பியின் பேர் ஒரு எழுத்துக்கூட இராது. வெளியே வந்ததும், ரத்னா கேட்காத தூரத்தில், உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன்.

“காங்கேசன்துறை உறுதியிலை எங்கடை பேர்தானே அக்கா இருந்தது. இருபத்தைஞ்சு வருசம் வேலிக்குக் கிட்டவும் போகேலாமல் நிண்டம். இஞ்சை என்ரை பேர் இல்லை. ஆனா பின்னேரம் வந்து கதவைத் திறந்து உள்ளுக்குப் போறன்” என்றான்.

யாழ்ப்பாணம் திரும்பிய மூன்றாம் நாள், தம்பி எழுதித்தந்த அதிகாரப் பத்திரத்தோடு காணியைச் சரிபாதியாகப் பிரித்தேன். அந்த வீட்டுக்கு அவனுடைய இரண்டு பரப்பே போதும்; அதை விற்கக் கையெழுத்து வைத்தேன். என் இரண்டு பரப்பில் இந்த வருடம் அத்திவாரம் வெட்டப் போகிறேன்.