எங்கள் வீட்டு லைனில் இன்னொருவன்

போலீஸ் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த காலையில் நான் கணுக்கால் அளவு கடல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். நிஜக் கடல் இல்லை. முகத்தில் மாட்டியிருந்த விஆர் கண்ணாடிக்குள் தெரிந்த கடல். என் கால்கள் இருந்தது தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் சிமெண்டுத் தரையில். ஒரு கை ஊன்றுகோலைப் பிடித்திருந்தது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

“என்னங்க, கழட்டுங்க அத. போலீஸ் வந்திருக்காங்க.”

என் மனைவியின் குரல். கழற்றினேன். அதுவரை கண்கூசும் வெயிலில் இருந்தவனுக்கு வீட்டுக்குள் எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. வெளியே பனி இன்னும் விலகவில்லை. வாசலில் இரண்டு பேர். ஒருவர் சாதாரண உடையில், தலையில் தூடோங் முக்காடு அணிந்த மலாய்ப் பெண் அதிகாரி. மற்றவர் சீருடையில் ஒரு தமிழ் சார்ஜன். இருவரும் சப்பாத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அந்த மரியாதைதான் எனக்கு முதல் பயம். சும்மா விசாரிக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அதிகாரி மலாயில் கேட்டார்: இந்த வீட்டு இன்டர்நெட் யார் பெயரில் இருக்கிறது?

என் பெயரில்தான் என்றேன். அவர் சார்ஜனைப் பார்த்தார். சார்ஜன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அண்ணே, ஒரு காலேஜ் பிள்ளைக்குக் கொஞ்ச நாளா அசிங்கமா மிரட்டல் மெசேஜ் போய்க்கிட்டிருக்கு...”

அவர் முடிக்கவில்லை. என் மனைவி சுவரில் கை வைத்துக்கொண்டாள். “எங்க பிள்ளைக்கா? ஐயோ, எங்க பிள்ளைக்கா?” எங்களுக்கு ஒரே மகள். சிரம்பானில் காலேஜில் படிக்கிறாள்.

“இல்லக்கா, பயப்படாதீங்க. வேற ஊருப் பிள்ளை.” சார்ஜன் என் பக்கம் திரும்பினார். “அந்தப் பிள்ளை மூஞ்ச வேற படத்துல ஒட்டி, அப்பா அம்மாவுக்கே அனுப்புவேன்னு மிரட்டியிருக்கான். அந்த மெசேஜ் எல்லாம் இந்த வீட்டு லைன்லேருந்துதான் போயிருக்கு.”

எனக்கு மலாயும் தெரியும், தமிழும் தெரியும். ஆனால் அந்த வார்த்தைகள் எந்த மொழியிலும் இல்லாதவைபோல என் காதுக்குள் விழுந்தன. இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இருவர். அவள் காலையில் ஃபேக்டரிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவன் நான் மட்டுமே. அந்தக் கணக்கை நான் போட்டு முடிப்பதற்குள் என் மனைவியும் போட்டு முடித்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

இத்தனை வருஷ வாழ்க்கையில் அவள் என்னைக் கோபமாகப் பார்த்திருக்கிறாள், சலிப்பாகப் பார்த்திருக்கிறாள். அன்று பார்த்தது வேறு. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நடந்தது என்ன என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். மலைச்சரிவில் பறித்துக் கட்டிய கொழுந்து மூட்டைகளை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோவது என் வேலை. ஒரு மழை நாளில் மண்பாதை இளகி, லோரி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்தன. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் நான் பார்த்ததெல்லாம் கூரைத் தகரமும் ஜன்னலுக்கு வெளியே பச்சையும்தான். வாழ்நாள் முழுக்கப் பார்த்த அதே பச்சை. ஒரு கட்டத்தில் யாரிடமும் பேசுவதையே விட்டுவிட்டேன். சோறு வைத்தால் சாப்பிடுவேன், அவ்வளவுதான்.

மனைவியின் தம்பி ஜொகூரில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறான். என்னைப் பார்க்க வந்தவன் என் நிலையைப் பார்த்துக் கலங்கிப்போனான். அடுத்த முறை வரும்போது அந்த விஆர் கண்ணாடியைக் கொண்டுவந்தான்.

“மாட்டிப் பாருங்க மாமா. வீட்ல உக்காந்துக்கிட்டே உலகத்தச் சுத்தலாம்.”

மாட்டிக்கொண்டதும் முதலில் எங்கள் வீடுதான் தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் படம்போல. தலையைத் திருப்பச் சொன்னான். திருப்பத் திருப்ப, சுவர், கட்டில், அலமாரி, சாமி மாடம் என்று ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு கோடு தானாக வரைந்துகொண்டே போனது. இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அறையை அளக்கிறதாம். நான் பார்த்ததைச் சொன்னதும் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அப்போ அது நம்ம வீட்ட பாக்குதா? நான் குளிச்சிட்டு வர்றதெல்லாம் பாக்குமா? அந்தப் படத்த எவன் வச்சிருப்பான்?”

தம்பிக்குச் சிரிப்பு வந்தாலும் அக்காவின் கேள்வி அவனுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். “நியாயமான பயம்தாங்கா. கேமரா இருக்கு, மைக் இருக்கு. நான் விபிஎன் போட்டு விடறேன். அதுக்கப்புறம் நீங்க எங்க இருக்கீங்கன்னே எவனுக்கும் தெரியாது. சேஃப்லா” என்றான். கடையில் கண்ணாடி கேட்டு வருகிறவர்களுக்கும் அவன் சொல்கிற யோசனை அதுதானாம். இலவசமாகக் கிடைத்த ஒரு விபிஎன்னைத் தேடி எடுத்து, போன் வழியாகக் கண்ணாடிக்குள் ஏற்றினான். மூலையில் சின்னப் பூட்டுப் படம் ஒன்று பச்சை நிறத்தில் எரிந்தது. “இந்தப் பூட்டு எரியற வரைக்கும் கவலையே வேணாம்” என்றான்.

கவலையே இல்லாமல்தான் இருந்தேன். காலையில் கடலுக்குப் போவேன். டாக்டர் செய்யச் சொன்ன கால் பயிற்சிகளை அலைக்குள் நின்று செய்வேன். வலி பாதியாகத் தெரியும். முடிந்ததும் கண்ணாடியைச் சார்ஜில் போட்டு வைப்பேன். திரும்பப் பேச ஆரம்பித்தேன். கடலில் பார்த்த மீனைப் பற்றி மனைவியிடம் சொன்னால் அவளும் சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு வழியாக இன்னொருவன் போய்வந்துகொண்டிருந்தான்.

இப்போது மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அதிகாரி தன் போனைப் பார்த்து, மெசேஜ்கள் போன நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த நாட்களில் எங்கே இருந்தேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். வீட்டில்தான், வீட்டில்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கே என் பதில் பொய்போலக் கேட்டது.

ஒரு நாளைச் சொன்னபோது மனைவி நிமிர்ந்தாள்.

“அன்னிக்கி நாங்க வீட்லயே இல்லையே. தானா ராத்தா ஆஸ்பத்திரில இருந்தோம். தையல் போட்ட எடத்துல சீழ் வச்சு, காலைல போனவங்க இருட்டினப்புறம்தான் வந்தோம். நான் லீவு போட்டுட்டு இவர் பக்கத்துலயேதான் இருந்தேன். இவர் போன் என் கைப்பையில கெடந்துச்சு.”

“அப்ப வீட்ல யாரு இருந்தா?” என்று சார்ஜன் கேட்டார்.

“யாருமில்ல. பூட்டிக்கிட்டுத்தான் போனோம்.”

சார்ஜன் அதை மலாயில் சொன்னதும் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் மேசை மேலிருந்த விஆர் கண்ணாடியில் போய் நின்றது. அதில் விபிஎன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பாதுகாப்புக்காக என்றும் சேர்த்துச் சொன்னேன். கண்ணாடி, என் போன், மனைவியின் போன், வைஃபை மோடம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பனிக்குள் அவர்களுடைய கார் மறைகிற வரைக்கும் லைனில் ஒரு கதவும் திறக்கவில்லை. மறைந்த பிறகு எல்லாக் கதவும் திறந்தது. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் வைஃபைக்காகத் தினமும் வந்து முன்வாசலில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் செய்வார்கள். மோடம் இல்லாததால் இனி வரப்போவதில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மறுநாள் நான் வாசலில் நின்றபோது, குழாயடிக்கு வந்த பெரியவளை அவள் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். இழுத்தவள் என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி வேலைக்குப் போனாள், சமைத்தாள், புண்ணுக்கு மருந்து போட்டாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி, அதே சார்ஜன். அதிகாரியின் முகம் இந்த முறை தளர்ந்திருந்தது. உட்காரச் சொன்னார். அவர் மலாயில் விளக்கியதைச் சார்ஜன் தமிழில் என் மனைவிக்குச் சொன்னார்.

“அந்த விபிஎன் ஆப்புதாங்கா காரணம். அத நடத்தறவன் இவர் இன்டர்நெட் விலாசத்த மறைக்கறேன்னு சொல்லிட்டு, அந்த விலாசத்தையே அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கான். எங்கியோ இருக்கிறவன் உங்க வீட்டு வழியா பூந்து அந்தப் பிள்ளைய மிரட்டியிருக்கான். பாக்கறவங்களுக்கு உங்க வீட்லேருந்து வந்த மாதிரிதான் தெரியும்.”

“நாங்கதான் வீட்லயே இல்லையே சார்.”

“கண்ணாடி இருந்துச்சுல்ல. சார்ஜ்ல போட்டா அது முழுசா அணையாது. சும்மா கெடக்கற மாதிரி தெரியும், உள்ள வேலை நடந்துக்கிட்டே இருக்கும்.”

வெளியிலிருந்து யாரும் எங்களைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அந்தப் பூட்டைப் போட்டோம். பச்சையாக எரிந்த அந்தப் பூட்டுதான் அவன் உள்ளே வந்த கதவு.

மனைவி கேட்டாள்: “அப்ப வீட்ட படம் புடிச்சத அது தடுக்கலையா?”

அதை விபிஎன்னால் தடுக்கவே முடியாது என்றார் அதிகாரி. விபிஎன் செய்வது போகிற வழியை மறைப்பது மட்டும்தான். கேமராவும் மைக்கும் எதை எடுக்கலாம், எதை வெளியே அனுப்பலாம் என்பதைக் கண்ணாடியின் செட்டிங்கில் போய் நாமே அடைக்கவேண்டும். விபிஎன் கெட்ட பொருள் இல்லை, அவரே வைத்திருக்கிறாராம். யார் நடத்துகிறார்கள், எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று தெரியாத ஒன்றை வீட்டுக்குள் விடுவதுதான் ஆபத்து என்றார்.

எழுந்திருக்கும்போது மனைவி தயங்கி நின்றாள். “அந்தப் பிள்ளை எப்படி இருக்கு புவான்?” என்று அதிகாரியை மரியாதையோடு அழைத்து மலாயில் கேட்டாள்.

காலேஜை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள், போனைத் தொடுவதில்லை, அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள் என்றார் அதிகாரி. செய்தவனை இன்னும் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மைத்துனன் செய்தி கேட்டுப் பஸ் பிடித்து ஓடி வந்தான். வாசல்படி ஏறாமல் நின்றே அழுதான். “தெரியாம போட்டுட்டேங்கா. கடைக்கு வந்த எத்தன பேருக்கு அதையே போட்டுக் குடுத்திருக்கேன் தெரியுமா?” மனைவி அவனைத் திட்டவில்லை. “அழுது என்ன ஆகப்போவுது? ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி எடுக்கச் சொல்லு. இங்கியே உக்காந்து பண்ணு” என்றாள். அவன் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிலர் நம்பவில்லை, சிலர் திட்டினார்கள், பாதிப் பேர் எடுக்கவே இல்லை.

அவன் ஊருக்குப் போன பிறகு நான் மனைவியிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“அன்னிக்கி என்ன நம்பினியா?”

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள். “பொய் சொல்லவா, நெசம் சொல்லவா?”

“நெசம்.”

“அந்த நிமிஷம் நம்பலங்க. பகலெல்லாம் அதுக்குள்ளயே கெடந்தீங்க. உள்ள என்ன பாக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மூஞ்சி மூடிக்கிட்டு, கைய ஆட்டிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு... வேற யாரோ நம்ம வீட்ல நிக்கற மாதிரி இருக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரி நாள் ஞாபகம் வந்தப்போ நான் உங்களுக்காகச் சொல்லல. எனக்காகத்தான் சொன்னேன்.”

போலீஸ் வந்ததைவிட அந்தப் பதில்தான் என்னை உலுக்கியது. ஆனாலும் அவள் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து நாங்கள் பழையபடி பேச ஆரம்பித்தோம்.

இடுப்பு தேறி, நான் மறுபடி லோரி ஓட்டத் தொடங்கிய பிறகு ஒரு நாள் சார்ஜன் போன் செய்தார்.

“அண்ணே, ஒரு ஒதவி. கீழ லெம்பா பெர்த்தாம்ல ஒரு காய்கறித் தோட்டக்காரருக்கு உங்க கேஸ் மாதிரியே ஆயிடுச்சு. அவர் தப்பு இல்லன்னு நாங்க எழுதிக் குடுத்துட்டோம். ஆனா வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. மனுஷன் ஒடஞ்சி போயிட்டாரு. நீங்க போய் ரெண்டு வார்த்த பேசினா நல்லாருக்கும்.”

வேலை முடிந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு ஓரமாக இருந்த வீட்டில் அந்த மனிதர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் சிறியவர். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். எங்களுக்கு நடந்ததைக் கடைசிவரை நின்றபடியே கேட்டார். பிறகு போனை எடுத்துத் தன் மனைவியை அழைத்து, மறுமுனையில் குரல் கேட்டதும் என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கி என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள்.

“தங்கச்சி, என்ன ஒனக்குத் தெரியாது. நான் மேல தேயிலைத் தோட்டத்துலேருந்து வந்திருக்கேன். வச்சிராத. ஒரு அஞ்சு நிமிஷம் நான் சொல்றதக் கேளு” என்றாள்.