மிதித்த சாக்கும் வெண்குள்ளனும்

"நீ சொன்னது நோக்கே புரிஞ்சுதாடி?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த கல்பாத்தி அக்ரகாரத்துக்காரி. பாலக்காட்டுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் வகுப்பு. வெண்குள்ளன் என்ற நட்சத்திர வகையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டு அப்போதுதான் பெஞ்சுக்குத் திரும்பியிருந்தேன். கேலியாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள், கைநாட்டு. பேசுவதற்கான தலைப்புகளைப் பேராசிரியர் வாசித்தபோது மற்றவர்கள் லென்ஸ், ஊசல் என்று எடுத்துக்கொள்ள, யாரும் தொடாத நட்சத்திரத்தை நான் எடுத்தேன். கர்வம்தான். அதை மறைக்க எனக்குத் தெரியாது.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் பாரத்தாலேயே சுருங்கும், சூரியன் அளவு பொருள் பூமி அளவு உருண்டைக்குள் அடங்கிவிடும், அதில் ஒரு தீப்பெட்டி அளவு எடுத்தால் இரண்டு லாரி லோடு கனக்கும் என்றெல்லாம் தடையில்லாமல் சொன்னேன். பிறகு சார் ஒரு கேள்வி கேட்டார். நம் சூரியன் அப்படிச் சுருங்கினால் பூமி என்ன ஆகும்?

"உள்ளே இழுபட்டு விழுந்துவிடும் சார். அமுங்கினால் எடை கூடுமே."

பின் பெஞ்சுகளில் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. ஓண விடுமுறை முடிந்து வரும்போது வெப்பமானியைப் பற்றிப் பேசினால் போதும், இந்தத் தலைப்பை வேறு யாருக்காவது தருகிறேன் என்றார். சிரிப்பைவிட அதுதான் வலித்தது. என்னிடமிருந்து நட்சத்திரம் பறிபோகிறது. எங்கே தவறினேன் என்றுகூடத் தெரியவில்லை.

எஸ்டேட் குடியிருப்பான எங்கள் லயத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் நான் சொன்னேன். மிதித்த சாக்கு கனம் கூடும் என்பார்கள். பத்து வயதில் அப்படி ஒரு சாக்கைச் சுமந்து கழுத்து பிடித்துக்கொண்டது எனக்கே நினைவிருக்கிறது.

விடுமுறைக்கு வந்தவள் ஒரு நாள் அம்மாவுக்குக் கூடமாட உதவப் போனேன். காலையில் எடுத்த கொழுந்து இரண்டு சாக்கில் தளர்வாகக் கிடந்தது. இரண்டு நடை நடப்பானேன் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி, காலால் மிதித்து இறுக்கி வைத்தேன். மதிய நிறுவைக்குத் தூக்கிப் போனபோது தலை உள்ளே இறங்குவது போலிருந்தது. சார் வந்து இதைத் தூக்கிப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தராசில் இருபத்து மூன்று கிலோ. கங்காணி சாக்குக்குள் கையை விட்டு உடனே வெளியே எடுத்தார்.

"யாரு மிதிச்சது? உள்ள அடுப்பு மாதிரி கொதிக்கி. கொழுந்து செவந்து போகும்லா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கூடக் கொழுந்து எடுக்க வந்திருந்த சித்திதான் வாய் திறந்தாள். "காலேஜில மிதிக்கத்தான் படிச்சுக் குடுத்தாவளாம் அண்ணே."

கொட்டி ஆற்றி, மறுபடி இரண்டு சாக்கில் போட்டு நிறுத்தார்கள். பதினொன்று, பன்னிரண்டு. நான் அங்கேயே நின்றேன். ஒரு கிலோகூடக் கூடவில்லை. பத்து வயதில் நான் சுமந்தது ஒரே சாக்கில் மிதித்து அடைத்த இரண்டு சாக்குக் கொழுந்தை. மிதித்ததால் வந்த கனமில்லை அது.

"என்னட்டி தராசையே முறைக்க? நடந்து வா," என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். சூரியன் சுருங்கினாலும் அதன் பொருள் அதேதான். பூமி நிற்கும் தூரமும் அதேதான். இழுப்பு மாறாது. பூமி விழாது, இருட்டில் விறைத்துக்கொண்டு அதே பாதையில் சுற்றும். ஆனால் அந்த நட்சத்திரத்தின் தரைமேல் நின்றால், இப்போதைய சூரியனின் விளிம்பில் நிற்பதைவிட நடுமையத்துக்கு நூறு மடங்கு நெருங்கிவிடுகிறோம். அங்கே இழுப்பு பத்தாயிரம் மடங்கு. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. என் மனம்தான் ஒப்பவில்லை.

அதற்குமேல் புத்தகம் இன்னும் குழப்பியது. நட்சத்திரம் மேலும் சுருங்காமல் தாங்கி நிற்பது சூட்டால் அல்ல, ஆறிப்போன பிறகும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்க இடங்கொடுக்காமல் தள்ளுமாம். எதற்காகத் தள்ளுகின்றன? அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் சொற்கள்தான் மிஞ்சின. அடுத்த வரி அதைவிட மோசம்: வெண்குள்ளனில் பொருள் கூடக்கூட அதன் உருவம் சிறுத்துப்போகும். கொழுந்து கூடினால் சாக்கு பெருக்கும். இது என்ன சாக்கு?

காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்த சித்தியிடம் சொன்னேன்.

"தின்னத் தின்ன மெலியுதா? நல்ல நட்சத்திரம்ட்டி. எனக்கு அந்த வரத்தக் கேட்டு வாங்கிட்டு வா."

"வெளையாடாதீங்க சித்தி. எனக்கே புரியல."

"புரியலன்னா புரியலன்னு அந்த சார்ட்ட சொல்லேன். இங்க வந்து ஏன் என் உசிர வாங்குத?"

புரியவில்லை என்று சொல்வதற்கா நான் அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறேன்? அன்று அவளோடு பேசவில்லை. மறுநாளும் அந்தப் பக்கத்தைத்தான் படித்தேன். ஒன்றும் நகரவில்லை.

மூன்றாம் நாள் சாருக்கு எழுதினேன். வெப்பமானி வேண்டாம். அன்று சொன்ன பதில் தவறு, காரணம் இதனுடன் இருக்கும் கணக்கில் இருக்கிறது. நட்சத்திரம் எதனால் சுருங்காமல் நிற்கிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை, அதையும் வகுப்பில் சொல்லிவிடுகிறேன். கல்லூரி திறக்கும் முதல் நாளே எனக்கு அதே தலைப்பு வேண்டும். இவ்வளவுதான் கடிதம். தேவிகுளம் தபாலாபீசில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.