நாயாற்றுக்கு அக்கரையில் ஞானோபதேசம்

கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல், அவனுடைய வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கிய நாளிலிருந்து மார்கிறட்டுக்குத் தண்ணீர் என்றாலே குலை நடுங்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், கோயிலுக்குப் போவதற்கும் கடல் தெரியாத ஒழுங்கையால் சுற்றித்தான் போவாள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு. பூசையில் பங்குச் சுவாமியார் வழக்கத்தைவிடக் கடுமையாகப் பேசினார். மீன்பாட்டுக் காலத்தில் சனம் குடும்பத்தோடு கரையில் கொட்டில் போட்டுத் தங்கும் நாயாற்று வாடிகளுக்குப் போய்விடுகிறது, பிள்ளைகள் செபம் மறந்து திரும்புகிறார்கள், அங்கே போய் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க ஆர் வருவீர்கள் என்று கேட்டார். ஒருவரும் எழும்பவில்லை. பூசை முடிந்ததும் மார்கிறட்டைக் கூப்பிட்டார்.

"உன்ர அப்பர் கோயில் மூப்பராய் இருந்தவர். உனக்கு எல்லாச் செபமும் பாடம். நீ போவாய்தானே?"

"ஓம், சுவாமி" என்று வாய் சொல்லிவிட்டது. வாடிகளுக்குப் போகத் தண்ணீரைக் கடக்கவேண்டுமே என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைத்தாள்.

நாயாற்றில் கடல்நீரேரியின் இக்கரையில் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில்தான் கோயில். வாடிகள் அக்கரையில் இருந்தன. வண்டியில் வந்து இக்கரையில் இறங்கிய மார்கிறட், பிள்ளைகள் வள்ளத்தில் இங்கே வரட்டும் என்று சொல்லியனுப்பினாள். கோயிலில் வைத்துப் படிப்பிப்பதுதான் முறை என்றாள். உண்மையான காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை.

பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர் யாகப்பு. நரைத்த மீசையும் உரத்த குரலும் உள்ள, வள்ளமும் வலையும் சொந்தமான சம்மாட்டி. வகுப்பு முடியும்வரை வெளியே சுருட்டுப் பற்றிக்கொண்டு நிற்பார்; உள்ளே தலை நீட்டமாட்டார். அவரைக் கண்டாலும் மார்கிறட்டுக்குப் பயம்தான்.

ஆனி மாதத்து ஞாயிறொன்றில் வள்ளம் நடு ஏரிக்கு வந்தபோது மேற்கிலிருந்து கச்சான் காற்று திடீரென்று சுழன்றடித்தது. அந்த வருடம் முகத்துவாரம் இன்னும் மண் மூடாமல் கடலோடு திறந்தே கிடந்தது. வள்ளம் அந்தப் பக்கம் இழுபட்டது. பிள்ளைகள் குழறியது கரைக்குக் கேட்டது. மார்கிறட் முழங்கால் தண்ணீர்வரை ஓடினாள். அதற்குமேல் கால் நகரவில்லை. யாகப்பு வள்ளத்திலிருந்து ஏரிக்குள் குதித்து, கழுத்தளவு தண்ணீரில் வள்ளத்தைத் தோளால் முட்டித் தள்ளி ஒருபடியாகக் கரை சேர்த்தார். பிள்ளைகள் நனைந்து விறைத்துப்போய் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"இனிப் பிள்ளையள் வராதுகள், தங்கச்சி" என்றார் யாகப்பு. அவருக்கும் மூச்சு வாங்கியது. "தாய்மார் விடாயினம். நானும் ஏத்தமாட்டன்."

தனக்கு ஏறப் பயமான வள்ளத்தில் பச்சைப் பிள்ளைகளை ஏற்றிவிட்டேனே என்று மார்கிறட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடுத்த ஞாயிறு என்னை ஏத்துங்கோ, அண்ணை. நான் அங்கால வாறன்."

ஞாயிறு வந்தது. வள்ளத்தில் கால் வைத்ததும் அது ஆட, அப்படியே குந்தி இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பயத்தில் விசுவாசப் பிரமாணச் செபத்தை உரக்கச் சொல்லத் தொடங்கினாள். போஞ்சு பிலாத்துவின் பெயர் வரும் இடத்தில் வள்ளம் ஒருமுறை சரிந்தது. அடுத்த வசனம் அடியோடு மறந்துபோயிற்று.

"அதுக்கங்கால என்ன, அண்ணை? சொல்லுங்கோ."

கோலை ஊன்றியபடி யாகப்பு தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்குத் தெரியாது, பிள்ளை. சின்னனிலயிருந்து வாடியிலதான் கிடந்தனான். ஆரும் சொல்லித் தரேல்லை. இந்த வயசில போய்க் கேக்க வெக்கமாக் கிடக்கு."

மார்கிறட் கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் தண்ணீர். ஆனாலும் முதலிலிருந்து தொடங்கி, மெதுவாக, அவர் திருப்பிச் சொல்லும்படி சொன்னாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வள்ளத்திலேயே அவருக்குப் பாடம் நடந்தது. ஒருநாள் வாடியில் வகுப்புத் தொடங்கும்போது யாகப்பு வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் மணலில் இருந்தார். மற்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு? உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். "கிழிஞ்ச வலையை இங்க கொண்டுவந்து இருந்து பொத்துங்கோவன். கை வேலை செய்யட்டும், காது கேக்கட்டும்."

இரண்டு பேர் வந்தார்கள். பிறகு அவர்களுடைய பெண்சாதிமாரும் வந்தார்கள். வளர்ந்தவர்களுக்கு முன்னால் நின்ற அன்று மார்கிறட் சேலைத் தலைப்பை முறுக்கியபடிதான் சொல்லி முடித்தாள்.

மறு வருடம் சுவாமியார் அதே கேள்வியைக் கேட்டபோது ஆம்பிளைகள் பக்கத்தில் யாகப்பு எழும்பினார். கடலுக்கு அஞ்சாத மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மார்கிறட் ஒராள் காணாது. ஆரும் கூடப் போங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று இருந்தார்.

வெளியே வந்தபோது புனிதமலர் என்ற பெட்டை மார்கிறட்டிடம் வந்து, "அக்கா, வள்ளத்தில ஏறவேணுமோ?" என்று கேட்டாள். அவளுடைய முகம் வெளிறியிருந்தது.

"ஓம்" என்றாள் மார்கிறட். "எனக்குப் பக்கத்தில இரு."